தோட்டத்தில் அயல்நாட்டு ஊர்வன: இனங்காணும் முறை

வீட்டுத் தோட்டத்தில் ஓணானைவிடப் பெரியதாக, பச்சை நிறத்துடன் ஓர் ஊர்வன தென்படும்போது இரு வகைத் தவறுகள் நேரக்கூடும். நம் நாட்டு உயிரியை அயல்நாட்டதென்று அஞ்சி அடித்துக் கொல்வது ஒன்று. அயல்நாட்டு உயிரியை நம் நாட்டதென்று எண்ணி விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டும் கேடு பயப்பவை. ஆகவே, சரியாக இனங்காணுதலே முதற் பணியாகும்.

அயல் இனம்

பச்சை இகுவானா என்பது மத்திய அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. செல்லப் பிராணி வணிகத்தின் வழியாக இது பல நாடுகளுக்குச் சென்றது. விற்கப்படும்போது கையளவே இருக்கும் குட்டி, வளர்ந்தபின் ஒன்றரை மீட்டர் நீளத்தையும் எட்டும். இடம் போதாமையால் சிலர் அதை வெளியே விட்டுவிடுகின்றனர். சில தாமே தப்பிச் செல்கின்றன.

புளோரிடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் இவ்வினம் பெருகித் தோட்டப் பயிர்களைத் தின்பதுடன், வளை தோண்டிக் கரைகளையும் வலுவிழக்கச் செய்துள்ளது. பெண் இகுவானா ஒரே ஈட்டில் 20 முதல் 70 முட்டைகள் வரை இடக்கூடும். பெருகியபின் ஒழிப்பது கடினம் என்பதற்கு இதுவே காரணம்.

வேறுபடுத்தும் அடையாளங்கள்

நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. இளம் இகுவானா பசுமையாக இருப்பினும், முதிர்ந்தது சாம்பல் அல்லது பழுப்பு நிறம் பெறலாம். நம்பத்தக்க அடையாளம், செவிப்பறைக்குக் கீழே கன்னத்தில் அமைந்த பெரிய வட்டச் செதிலாகும். தொண்டையில் தொங்கும் அகன்ற மடல், முதுகு நெடுகிலும் முள்வரிசை, பட்டைகள் கொண்ட நீண்ட வால் ஆகியவையும் காணப்படும்.

நம் நாட்டு ஓணானுக்கும் முதுகில் முள்வரிசை உண்டு; ஆயினும் கன்னத்தில் வட்டச் செதில் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவக்கும். பச்சோந்தியின் கண்கள் தனித்தனியே சுழலும். வால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும். விரல்கள் இடுக்கிபோல் இரு பிரிவாக இணைந்திருக்கும். உடும்புக்கு முள்வரிசையோ தொண்டை மடலோ இல்லை. பிளவுபட்ட நீண்ட நாக்கை அடிக்கடி நீட்டும். இம்மூன்றும் நம் மண்ணுக்குரியவை.

சட்ட நிலை

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, உடும்பை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. அதைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றம். இச்சட்டத்திற்கு 2022ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள அயல் உயிரிகளை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டுமென விதிக்கிறது. இகுவானாவும் அப்பட்டியலில் அடங்கும். ஊடுருவும் அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், உடைமை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு அதிகாரமும் அளிக்கப்பட்டுள்ளது.

செய்யத் தக்கவை

ஐயத்திற்குரிய ஊர்வனவைக் கண்டால், தொலைவிலிருந்தே தலையின் பக்கவாட்டுத் தோற்றம் தெளிவாகத் தெரியுமாறு படம் எடுத்தல் வேண்டும். இடம், நாள், நேரம், ஏறத்தாழ நீளம் ஆகியவற்றைக் குறித்து வனத்துறையிடம் தெரிவித்தல் வேண்டும். கையால் பிடிக்க முயலலாகாது. இகுவானா வாலால் ஓங்கி அடிக்கும், கடிக்கவும் செய்யும்.

வளர்ப்போரின் பொறுப்பு இதனினும் பெரிது. இரக்கத்தால் திறந்துவிடப்படும் ஒரு செல்லப் பிராணி விடுதலை பெறுவதாகத் தோன்றலாம். ஆனால், அதன் விலையைக் கொடுப்பவை அதே தோட்டத்தில் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் நம் நாட்டு உயிரினங்களே.