பாலக்காட்டுக் கணவாயில் தொட்டிச் செம்பருத்தி

பருத்தி, வெண்டை, பூவரசு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது செம்பருத்தி. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ் என்னும் தாவர நூற்பெயரை இட்டார். மலையாளத்தில் இது செம்பரத்தி எனப்படும். நிலத்தில் நட்ட செடி தன் வேரை நீட்டி நீரையும் உணவையும் தேடிக்கொள்ளும். தொட்டியிலுள்ள செடிக்கு அவ்வசதி இல்லை. எனவே அதற்கு வேண்டுவனவற்றை வளர்ப்பவரே அளவறிந்து அளித்தல் வேண்டும்.

இடத்தின் இயல்பு

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயில் வாளையார் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து ஈரக்காற்றும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்றும் இவ்வழியே விரைந்து வீசுகின்றன. வறண்ட காற்றில் இலைகளிலிருந்தும் மண்தொட்டியின் சுவரிலிருந்தும் நீர் விரைவில் ஆவியாகிறது. மொட்டுகள் மலராமலே உதிர்வதற்கு மண் ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் சேறாகியும் மாறுவது ஒரு முக்கிய காரணமாகும். ஆதலின் காலை வெயில் படுவதும், சுவரோ வேலியோ காற்றைத் தடுப்பதுமான இடத்தில் தொட்டியை வைத்தல் நலம்.

நடுதலும் நீர் பாய்ச்சலும்

பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையில் மூன்று நான்கு கணுக்களுடன் 15 சென்டிமீட்டர் நீளத் துண்டு வெட்டி, ஈர மணலில் நிழலில் நட வேண்டும். சில வாரங்களில் வேர் பிடிக்கும். பிறகு 25 முதல் 30 சென்டிமீட்டர் வாயகலமுள்ள தொட்டிக்கு மாற்றலாம். அடித்துளையின்மேல் ஓட்டுச்சில்லை வைத்து, செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புக.

விரலை மண்ணில் இரண்டு சென்டிமீட்டர் செலுத்திப் பார்த்து, ஈரமில்லையாயின், அடித்துளை வழியே நீர் வடியும் வரை ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகும். நரம்பு பச்சையாக நிற்க, இளந்தளிர் மட்டும் மஞ்சளாயின், சுண்ணாம்புத் தன்மை மிகுந்த நீரினாலோ மண்ணினாலோ இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்று கருதலாம். புதிய கிளை நுனிகளிலேயே பூக்கள் தோன்றுவதால், ஆண்டுக்கொருமுறை கிளைகளைக் கத்தரித்தல் பயன் தரும்.

மாவுப்பூச்சி

தளிரில் வெண்மாவு படிந்தாற்போல் காணப்படுவது மாவுப்பூச்சியாகும். 2008-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி கண்டறியப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களுக்குப் பெருஞ்சேதம் விளைத்துக் கேரளத்திலும் பரவியது. செம்பருத்தியும் இதற்கு உணவுச்செடியே. வீட்டுத் தொட்டியில் தங்கும் பூச்சி அண்டை வயலுக்குச் செல்லக்கூடும் என்பதைப் பணியாளர் மறத்தலாகாது.

2010-ஆம் ஆண்டில் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்குளவி பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, பெருக்கி விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. இவ்வழியால் பூச்சி பெரிதும் அடங்கிற்று. கடும் நஞ்சு தெளித்தால் இக்குளவியும் மடியும். ஆதலால் முதலில் வேகமாக நீரைப் பீச்சிப் பூச்சிகளைக் களைந்து, மிகப் பற்றிய நுனிகளை வெட்டி அழிக்க வேண்டும். தேவையாயின் லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். பூச்சி சுரக்கும் இனிய நீருக்காக எறும்புகள் அதனைக் காக்கின்றன. எனவே எறும்பு ஏறாதவாறு தடுத்தலும் வேண்டும்.

ஆசிரியர்க்குக் குறிப்பு

ஒரே அளவுள்ள இரு தொட்டிகளில் ஒன்றைக் காற்றிலும் மற்றொன்றைச் சுவரோரத்திலும் வைத்து, சம அளவு நீர் ஊற்றி, உதிரும் மொட்டுகளை மாணவர் நாள்தோறும் எண்ணிக் குறிக்கட்டும். அக்கம்பக்கத்தாருக்குப் பதியன் துண்டு கொடுக்குமுன் இலையின் அடிப்புறத்தைச் சோதித்து, மாவுப்பூச்சி உள்ள துண்டை ஊர் கடத்தாதிருக்கும் பழக்கத்தையும் அவர்களுக்குக் கற்பித்தல் நன்று.