சங்கிலியும் மெழுகும்

நுழையும்முன்

நாள்தோறும் பயன்படுத்தும் கருவிகளின் உள்ளமைப்பை நாம் பெரும்பாலும் அறிவதில்லை. பழுதுற்று நின்ற பின்னரே அவற்றை உற்று நோக்குகிறோம். மிதிவண்டியின் சங்கிலி அத்தகைய உறுப்புகளுள் ஒன்று. எண்ணெய்க்கு மாற்றாக, உருகிய மெழுகினால் அதனைப் பேணும் முறையையும் அம்முறைக்கு அடிப்படையான அறிவியலையும் இப்பாடம் விளக்குகிறது.

பன்னிரண்டு கிலோமீட்டர்

இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்விரண்டு ஊர்களின் வழியே செல்கிறது. மேற்கில் மேற்குத் தொடர்ச்சி மலை நிழலாய் உடன்வர, கிழக்கில் கரிசல் நிலம் விரிகிறது. ஓர் ஊர் ஆண்டாள் கோயில் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் பெயர் பெற்றது. மற்றோர் ஊர் நூற்பாலைகளாலும் அறுவை மருத்துவத்திற்குரிய கட்டுத்துணியாலும் அறியப்படுவது. இரண்டிற்கும் இடையேயும் சுற்றிலுமுள்ள சிற்றூர்களிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவர்க்கு மிதிவண்டியே கால்.

இது வெறும் அணியுரையன்று. தமிழ்நாட்டில் 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கெனத் தொடங்கப்பெற்ற விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் பயிலும் மாணவ மாணவியர் அனைவர்க்கும் விரிவுபடுத்தப்பட்டது. பீகார் மாநிலம் 2006ஆம் ஆண்டில் மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. அதன் பயனை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் எண்ணிக்கை அதனால் 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டனர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களிலேயே இப்பயன் மிகுதியாகத் தென்பட்டது. வண்டி ஓடினால் படிப்புத் தொடர்கிறது. சங்கிலி அறுந்த வண்டியோ வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது.

சங்கிலியின் உள்ளே

மிதிவண்டிச் சங்கிலியை ஒரே பொருளாகக் காண்பது கண்ணின் பழக்கம். உண்மையில் அது நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளின் தொகுப்பு. ஒவ்வொரு கண்ணியிலும் பக்கத் தகடுகள், அவற்றை இணைக்கும் ஊசி, ஊசியைச் சூழ்ந்த குழல், குழலின் மேல் சுழலும் உருளை ஆகியன உள்ளன. இவ்வமைப்பினை 1880ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் உருவாக்கியவர் ஹான்ஸ் ரெனால்டு. அடுத்த ஐந்தாண்டுகளில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' வண்டி வெளிவந்தது. முன்சக்கரத்தை நேரடியாக மிதித்துச் செலுத்திய உயரமான வண்டிகளின் காலம் அதன்பின் விரைந்து மறைந்தது. இன்றைய மிதிவண்டியின் வடிவம் பெரிதும் அவ்விரு கண்டுபிடிப்புகளின் சேர்க்கையே எனலாம்.

இச்சிறு கண்ணிகள் ஆற்றும் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின் பற்சக்கரத்தில் 18 பற்களும் உடைய வண்டி ஒன்றைக் கொள்வோம். அதன் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். மிதிகட்டை ஒருமுறை சுழன்றால் வண்டி 5.4 மீட்டர் நகரும். 12 கிலோமீட்டரைக் கடக்க மிதிகட்டை 2200 முறைக்கு மேல் சுழலவேண்டும். 110 கண்ணிகள் கொண்ட சங்கிலி இதற்குள் ஏறத்தாழ 880 முறை முழுச்சுற்று வந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கண்ணி, இரு பற்சக்கரங்களிலும் ஏறும்போதும் இறங்கும்போதுமாக நான்கு முறை மடங்கி நிமிர்கிறது. ஆக, ஒருவழிப் பயணத்தில் மட்டும் ஒவ்வொரு கண்ணியும் ஏறத்தாழ 3500 முறை மடங்குகிறது. அவ்வாறு மடங்கும்போதெல்லாம் ஊசியும் குழலும் ஒன்றோடொன்று உராய்கின்றன. உயவுப்பொருள் தேவைப்படும் இடம் இதுவே, வெளிப்புறம் அன்று.

நாமோ வெளிப்புறத்தில் எண்ணெயைச் சொட்டுகிறோம். சிறிதளவு உள்ளே இறங்குகிறது. மிகுதி தகடுகளின்மேல் தங்குகிறது. கரிசல் புழுதியும் சாலையோர மணலும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. நூற்பாலைப் பொறிகளில் எண்ணெய் படிந்த இடத்தையே பஞ்சுத்துகள் நாடிச் சென்று படிவதை ஆலைத் தொழிலாளர் அறிவர். எண்ணெயும் மணலும் சேர்ந்த கரிய குழம்பு, சாணை பிடிப்பதற்குரிய தேய்பொருளாக மாறி ஊசிகளை நாள்தோறும் அராவுகிறது. கழிவாகிய எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோரும் உளர். அதில் முன்பே உலோகத் துகள் கலந்திருக்குமாதலின், அது நோய்க்கு நஞ்சையே மருந்தாகக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் தலைமையிலான குழுவினர், சங்கிலி வழியே கடத்தப்படும் ஆற்றலை அளந்தனர். உகந்த நிலையில் மிதிப்பவர் தரும் ஆற்றலில் 98.6 விழுக்காடு வரை பின்சக்கரத்தைச் சென்றடைந்தது. அதனினும் வியப்புக்குரிய முடிவு ஒன்றுண்டு. தூய்மையான ஆய்வுக்கூடச் சூழலில், உயவுப்பொருளை மாற்றியமையால் ஆற்றல் கடத்தும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை! சாலையோ ஆய்வுக்கூடம் அன்று. இடைவெளிகளில் அழுக்குப் புகாமல் காப்பதே அங்கு உயவுப்பொருளின் முதன்மையான பணி. எண்ணெயைவிட மெழுகு விஞ்சி நிற்பது இப்பணியில்தான்.

மையும் மெழுகும்

சுழலும் உறுப்புகளைப் பேணும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக்கியுள்ளார். அண்மைக் காலம் வரை மாட்டுவண்டி ஓட்டியவர்கள் வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மையிட்டனர். கரியின் நுண்துகளும் தடித்த எண்ணெயும் சேர்ந்த அந்த மை, உயவுப்பொருளின் இலக்கணத்திற்கு முற்றும் பொருந்துவதே. இங்கிலாந்தின் தொடக்ககால மிதிவண்டிக்காரர்களும் இதனையொத்த வழியை நாடினர்; உருக்கிய விலங்குக் கொழுப்பில் காரீயத்தூளைக் கலந்து, அதில் சங்கிலியை ஊறவைத்தனர்.

'மெழுகு' என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. பெயராக நிற்கையில் உருகும் பொருளைக் குறிக்கிறது. வினையாக நிற்கையில் தரையைச் சாணத்தால் பூசுதலைக் குறிக்கிறது. மண்தரையை மெழுகுவதன் நோக்கமும் புழுதி எழாமல் காப்பதே அன்றோ?

இன்று சங்கிலிக்குப் பயன்படுவது தேன்மெழுகு அன்று. பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் பாரஃபின் மெழுகு. இதனை 1830ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் கார்ல் வான் ரைகன்பாக் என்னும் செருமானிய வேதியியல் அறிஞர். 'குறைந்த நாட்டமுடையது' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொற்களிலிருந்து பாரஃபின் என்னும் பெயர் பிறந்தது. பிற வேதிப்பொருள்களோடு எளிதில் வினைபுரியாமையால் அப்பெயர் பெற்றது.

திருவில்லிபுத்தூரை அடுத்துள்ள சிவகாசிக்கு இம்மெழுகு நன்கு பழக்கமான பொருள். 1923ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழிலில், குச்சிகளின் முனையை உருகிய பாரஃபினில் தோய்த்த பின்னரே தீமருந்து சேர்க்கப்படுகிறது. மருந்தில் பிறந்த தீ மரத்திற்குப் பரவ மெழுகே பாலமாகிறது. எளிதில் தீப்பற்றும் இவ்வியல்பைச் சங்கிலிக்கு மெழுகிடுவோர் ஒருகணமும் மறத்தலாகாது.

மெழுகிடும் முறை

முதலில் சங்கிலியைக் கழற்றவேண்டும். சாதாரண வண்டிகளில் ஒரு கண்ணி மட்டும் சிறு கவ்வியால் பூட்டப்பட்டிருக்கும்; பழுதுபார்ப்போர் அதனை 'லாக்' என்பர். கவ்வியை நீக்கினால் சங்கிலி கைக்கு வந்துவிடும். மீண்டும் பூட்டும்போது கவ்வியின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். திறந்த முனை முன்னோக்கி இருப்பின் எதிலேனும் சிக்கிக் கழன்றுவிடக்கூடும்.

அடுத்தது தூய்மை. இம்முறையின் கடினமான பகுதி இதுவே. பொறுமையற்றோர் தவறுவதும் இங்கேதான். புதிய சங்கிலியாயினும் அதில் தொழிற்சாலையில் இட்ட பசைமை இருக்கும். எண்ணெய்ப் பசை எஞ்சிய உலோகத்தில் மெழுகு பற்றாது. மண்ணெண்ணெயில் சங்கிலியை இட்டுக் குலுக்கி, கரிய நீர்மத்தைக் கழித்து, நிறம் மாறாத அளவுக்கு மீண்டும் மீண்டும் கழுவவேண்டும். பின்னர்ச் சலவைத்தூள் கரைத்த வெந்நீரில் அலசி, நல்ல நீரில் கழுவி, உடனே துணியால் துடைத்து வெயிலில் நன்கு உலர்த்தவேண்டும். உலரத் தாமதித்தால் பசைநீங்கிய இரும்பில் துரு ஏறும். மண்ணெண்ணெய்ப் பணி திறந்த வெளியில், அடுப்புக்கு வெகுதொலைவில் நடைபெறவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மெழுகைத் தீயில் நேரடியாக வைத்து உருக்கக்கூடாது. அகன்ற பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, அதனுள் மெழுகிட்ட சிறு பாத்திரத்தை வைக்கவேண்டும். இதன் நுட்பம் எளிது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாவதில்லை. ஆகவே மெழுகும் அவ்வெல்லையைக் கடப்பதில்லை. பாரஃபின் அதன் வகைக்கேற்ப 46 முதல் 68 பாகைக்குள் உருகிவிடும். அதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலையோ ஏறத்தாழ 200 பாகை. நேரடித் தீயில் அவ்வெல்லையை அறியாமலேயே எட்டிவிடலாம். தப்பித்தவறித் தீப்பற்றினால் நீரை ஊற்றக்கூடாது. நீர் ஆவியாகிச் சீறி, எரியும் மெழுகை நாற்புறமும் தெறிக்கச்செய்யும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுவதே வழி. பெரியவர் ஒருவர் உடனிருக்க இதனைச் செய்தல் வேண்டும். சமையலுக்குரிய பாத்திரங்களையும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

உலர்ந்த சங்கிலியைக் கம்பியில் கோத்து, உருகிய மெழுகில் மூழ்கவிட்டால் சிறு குமிழிகள் எழும். குழல்களில் அடைபட்டிருந்த காற்று வெளியேறி, அவ்விடத்தில் மெழுகு புகுவதன் அடையாளம் அது. பத்து முதல் பதினைந்து நிமிடம் அவ்வப்போது அசைத்துவர, சங்கிலியும் மெழுகின் வெப்பத்தை அடையும், குமிழிகள் ஓயும். உடனே வெளியே எடுத்தால் நீர்த்த மெழுகு வழிந்தோடிவிடும். அடுப்பை அணைத்து, மேற்பரப்பில் ஏடு படரத் தொடங்கும் வேளையில் எடுத்துத் தொங்கவிடுதல் நன்று. பால்கோவாவின் பதம் அறிந்த ஊரார்க்கு இந்தப் பதம் கைவருவது அரிதன்று.

ஆறிய சங்கிலி கோல்போல் விறைத்து நிற்கும். அதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஒவ்வொரு கண்ணியாக மடக்கி நெகிழ்த்தி வண்டியில் பூட்டினால், முதல் சில நூறு மீட்டரில் மிகுந்த மெழுகு பொருக்குகளாய் உதிர்ந்துவிடும். உள்ளிருப்பது நிலைக்கும். தொட்டால் கையில் கறை படியாது; பாவாடையிலோ கால்சட்டையிலோ கரிய கோடு விழாது. நிறமும் மணமும் ஊட்டிய மெழுகுவத்திகள் இப்பணிக்கு ஏற்றவையல்ல. கலப்பற்ற வெண்பாரஃபினே தக்கது.

எவர்க்கு ஏற்றது?

மெழுகு எல்லா வண்டிக்கும் மருந்தன்று. பழைய வண்டிகளில் சங்கிலியை முழுவதும் மறைக்கும் மூடி உண்டு. இங்கிலாந்தில் 'சன்பீம்' நிறுவனத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சங்கிலியை எண்ணெய்த் தொட்டியோடு கூடிய உறைக்குள் அடைத்து விற்றனர். புழுதி நுழைய வழியில்லாத அத்தகைய வண்டிக்கு எண்ணெயே போதும். மெழுகிடுவது வீண் உழைப்பு. பாதிமூடி உடையனவும் மூடியே அற்றனவுமாகிய வண்டிகளுக்கே மெழுகு பெரும்பயன் தரும்.

ஒருமுறை இட்ட மெழுகு உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 200 முதல் 300 கிலோமீட்டர் வரை தாங்கும். நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் செல்லும் மாணவர்க்கு இது ஏறக்குறைய ஒரு மாதப் பயணம். சங்கிலி கீச்சிடத் தொடங்கினால் மெழுகு தீர்ந்தது என அறியலாம். மறுமுறை மண்ணெண்ணெய் வேண்டியதில்லை. துணியால் துடைத்து, கொதிநீர் ஊற்றிப் பழைய மெழுகை நீக்கி, நன்கு உலர்த்தி மீண்டும் மூழ்கவிட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் இம்முறையின் பகை. மெழுகு எண்ணெயைப்போல் பரவி மூடுவதில்லை. வெடிப்புற்ற இடத்தில் நீர் புகுந்து ஓரிரவில் துருவை உண்டாக்கும். மழையில் நனைந்த அன்றே சங்கிலியைத் துடைத்து உலர்த்த இயலாதோர், வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை எண்ணெயை நாடுதலே அறிவுடைமை.

எம்முறையைக் கையாண்டாலும், தேய்மானத்தை அளந்தறிய ஓர் அளவுகோல் போதும். கண்ணிகளின் இடைவெளி 12.7 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. அடுத்தடுத்த 24 கண்ணிகள் புதிய சங்கிலியில் 304.8 மில்லிமீட்டர் நீளும். ஊசிகள் தேயத்தேய இந்நீளம் கூடும். 'சங்கிலி நீண்டுவிட்டது' என்கிறோம். தகடுகள் நீள்வதில்லை, துளைகளும் ஊசிகளும் தேய்வதே நீட்சியாய்த் தெரிகிறது. அளவு 307.8 மில்லிமீட்டரை எட்டினால் ஒரு விழுக்காடு தேய்ந்தது என்று பொருள். அதற்குமேல் அச்சங்கிலியை ஓட்டினால் அது பற்சக்கரங்களின் பற்களையும் தன் அளவுக்கு ஏற்பத் தேய்த்துவிடும். பின்னர்ப் புதிய சங்கிலி வாங்கினாலும் பழைய பற்களில் அது பொருந்தி அமராது.

கற்பவை கற்றபின்

உங்கள் மிதிவண்டிச் சங்கிலியின் 24 கண்ணிகளை அளந்து, அதன் தேய்மானத்தை விழுக்காட்டில் கணக்கிடுக.

முன், பின் பற்சக்கரங்களின் பற்களை எண்ணி, வீட்டிலிருந்து பள்ளிக்கு வர மிதிகட்டை எத்தனை முறை சுழல்கிறது எனக் கண்டறிக.

உங்கள் ஊரில் மாட்டுவண்டி, ஏற்றம், செக்கு முதலியவற்றுக்கு இட்ட உயவுப்பொருள்கள் குறித்து முதியோரிடம் கேட்டு, அவர்கள் வழங்கும் சொற்களோடு ஒரு கட்டுரை வரைக.