குங்கிலியம் மருந்தாகுமா?

நுழையும்முன்

குங்கிலியத்தை மணம் கமழும் புகைப்பொருளாகவே பலரும் அறிவர். அப்பிசின் மூளை வீக்கத்தைத் தணிக்குமா என்று அறிஞர்கள் ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட முடிவையும், அதனைச் சோதித்த முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

மரமும் பிசினும்

மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களின் வறண்ட குன்றுகளில் ஒரு மரம் வளர்கிறது. இந்தியில் அதனைச் சலாய் என்றும், வடமொழியில் சல்லகி என்றும் கூறுவர். அதன் தாவரவியல் பெயர் பாஸ்வெல்லியா செர்ராட்டா என்பதாகும். அதன் மரப்பட்டையைச் சீவினால் நறுமணமுள்ள பிசின் கசிந்து இறுகும். குங்கிலியம் என்னும் பெயர் தமிழில் பல மரங்களின் பிசின்களுக்கு வழங்குகிறது. இப்பாடத்தில் அது சலாய் மரப்பிசினை மட்டுமே குறிக்கும்.

ஆயுர்வேத மருத்துவர்கள் இப்பிசினை மூட்டுவலிக்கு நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். 1980களில் ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூட அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். பிசினிலிருந்து எடுத்த சாறு விலங்குகளில் அழற்சியைத் தணிப்பதை அவர்கள் கண்டனர். அதற்கான காரணம் ஒன்றை ஜெர்மனியின் டியூபிங்கன் நகர அறிஞர்கள் 1992இல் வெளியிட்டனர். லியூக்கோட்ரையீன் என்னும் பொருள்கள் உடலில் அழற்சியைத் தூண்டுகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியவும் செய்கின்றன. அவற்றை உண்டாக்கும் நொதியைப் பிசினிலுள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள் தடுக்கின்றன என்பதே அவர்களின் கண்டுபிடிப்பு.

மூளை வீங்கினால்

கையில் அடிபட்டு வீங்கினால் தோல் விரிந்து இடங்கொடுக்கும். மூளையைச் சூழ்ந்துள்ள மண்டையோடு விரிவதில்லை. மூளையில் கட்டி தோன்றினால், அதனைச் சுற்றிலும் நீர் தேங்கி வீக்கம் உண்டாகிறது. உள்ளே அழுத்தம் மிகுவதால் தலைவலியும் வாந்தியும் ஏற்படுகின்றன, கைகால்கள் தளர்கின்றன, நினைவும் மங்கக்கூடும். உரிய காலத்தில் குறைக்காவிடில் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இவ்வீக்கத்தைக் குறைக்க டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர்கள் அளிக்கின்றனர். அது நன்கு பயனளிக்கிறது. ஆயினும் நெடுநாள் உட்கொண்டால் இரத்தத்தில் சர்க்கரை மிகும், தசைகள் வலுவிழக்கும், நோய்த்தொற்று எளிதில் பற்றும். ஆகவே, அம்மருந்தின் தேவையைக் குறைக்கக்கூடிய வேறொரு பொருளை மருத்துவ உலகம் தேடுகிறது. அத்தேடலில் குங்கிலியமும் இடம்பெற்றது.

இரு குழுக்கள்

ஜெர்மனியின் பிரைபர்க் நகர மருத்துவர்கள் ஓர் ஆய்வை நடத்தி, 2011இல் அதன் முடிவை வெளியிட்டனர். மூளைக் கட்டிக்காகக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற 44 நோயாளிகள் அதில் பங்கேற்றனர். அவர்கள் குலுக்கல் போன்ற முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் நாளொன்றுக்கு 4200 மில்லிகிராம் குங்கிலியச் சாறு உட்கொண்டனர். மற்றக் குழுவினருக்கு மருந்தில்லாத வெற்று மருந்து தரப்பட்டது. யாருக்கு எது தரப்பட்டது என்பது ஆய்வு முடியும்வரை நோயாளிகளுக்கும் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது.

சிகிச்சை முடிந்ததும் வீக்கத்தை எம்.ஆர்.ஐ. படங்களின் வழியே அளந்தனர். குங்கிலியம் உட்கொண்டவர்களுள் 60 விழுக்காட்டினருக்கு வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. வெற்று மருந்து உட்கொண்டவர்களுள் 26 விழுக்காட்டினருக்கும் அவ்வாறே குறைந்திருந்தது.

இந்த 26 என்னும் எண்ணே இங்குக் கருதத்தக்கது. குங்கிலியம் பெறாதவர்களுக்கும் வீக்கம் குறைந்தது எவ்வாறு? அவர்களும் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களே. ஸ்டீராய்டு மருந்தும் இரு குழுவினருக்கும் வழங்கப்பட்டது. இரண்டாவது குழு இல்லாதிருந்தால், 60 விழுக்காட்டினரும் குங்கிலியத்தாலேயே நலம் பெற்றனர் என்று எவரும் எண்ணியிருப்பர். ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் பிசினின் பங்கு எவ்வளவு என்பது ஓரளவு புலப்பட்டது.

இன்னும் தொடரும் தேடல்

44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. மேலும், இரு குழுவினரும் உட்கொண்ட ஸ்டீராய்டு அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குங்கிலியம் உட்கொண்டவர்களுள் சிலருக்கு வயிற்றில் சிறு தொல்லையும் ஏற்பட்டது. எனவே பெரிய ஆய்வுகள் தேவைப்படுகின்றன. அதுவரை குங்கிலியம் நம்பிக்கையூட்டும் பொருளே. மூளை வீக்கத்திற்குரிய மருந்தின் இடத்தை அது இன்னும் பெறவில்லை. கடையில் கிடைக்கும் பிசினை நோயாளி தாமே உண்பதும், மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்துவதும் தீங்கு பயக்கும்.

முன்னோரின் பட்டறிவு எதனை ஆராயலாம் என்று வழிகாட்டியது. அது எந்த அளவு உண்மை என்பதைச் சோதனையே கூறும்.

சொல்லும் பொருளும்

அழற்சி – உடற்பகுதி சிவந்து, சூடாகி, வீங்கி, வலித்தல்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. மரப்பட்டை
2. மண்டையோடு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கை வீங்குவதைவிட மூளை வீங்குவது ஆபத்தானது ஏன்?
2. டெக்சாமெத்தசோனை நெடுநாள் உட்கொள்வதால் விளையும் தீமைகள் யாவை?

இ. சிந்தித்து எழுதுக.
1. வெற்று மருந்து பெற்ற குழு இல்லாதிருந்தால், ஆய்வின் முடிவு எவ்வாறு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும்?
2. "இயற்கையாகக் கிடைப்பதெல்லாம் நல்ல மருந்தே" என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். அவருக்கு உமது மறுமொழியை ஐந்து தொடர்களில் எழுதுக.

ஈ. கேட்டறிக.
நீவிர் வாழும் மாநிலத்தில் குங்கிலியத்திற்கு வழங்கும் பெயர் என்ன? அங்குள்ளோர் அதனை எதற்குப் பயன்படுத்துகின்றனர்? பெரியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக.