ஆங்கிலம் அறிவோம்: கேமும் போட்டியும் கற்றுத்தரும் சொற்கள்



இந்த மாதப் பாடம், செல்போன் கேம்களிலும் போட்டிகளிலும் வழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியது. "படிப்பைக் கெடுக்கும் கேமுக்கு ஒரு பாடமா?" என்று சிலர் கேட்கலாம். பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதை அந்தந்த வீட்டார் முடிவு செய்யட்டும். ஆனால் நோட்டில் பத்து முறை எழுதியும் மனதில் நிற்காத ஆங்கிலச் சொல், கேமில் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் பரீட்சைக்கும் உதவும். மேலும், பணம் கேட்கும் சொற்களும் அதே திரையில்தான் வருகின்றன. அவற்றின் பொருள் வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியாமல் இருப்பது நல்லதல்ல. ஆகவே இந்தப் பாடத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

1. வெற்றியும் தோல்வியும்

தமிழில் "ரியாஸை ஜெயித்தேன்" என்கிறோம். அதை அப்படியே மாற்றி "ஐ வன் ரியாஸ்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அது பிழை. "வின்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஆட்டம், பரிசு, கோப்பை ஆகியவைதான் வரும். "ஐ வன் த மேட்ச்", "ஷீ வன் த ஃபர்ஸ்ட் பிரைஸ்" என்பவை சரி. எதிரே ஆடியவரைச் சொல்ல வேண்டுமானால் "பீட்" அல்லது "டிஃபீட்" வேண்டும். "ஐ பீட் ரியாஸ்" என்றால் ரியாஸை அடித்தேன் என்று பயப்பட வேண்டாம். விளையாட்டுப் பேச்சில் அதற்கு ஜெயித்தேன் என்றே பொருள். "பீட்" என்பதன் இறந்தகால வடிவமும் "பீட்" தான்.

தோற்பதற்கு "லூஸ்". இதை எழுதும்போது ஒரே ஒரு "ஓ" போட வேண்டும். இரண்டு "ஓ" போட்டால் தளர்வான சட்டை, தளர்வான திருகாணி என்ற பொருளுக்குப் போய்விடும். இறந்தகாலம் "லாஸ்ட்". யாரிடம் தோற்றோம் என்பதற்கு "டு" சேர்க்க வேண்டும்: "வீ லாஸ்ட் டு தெம்". எவ்வளவில் தோற்றோம் என்பதற்கு "பை": "வீ லாஸ்ட் பை டூ கோல்ஸ்".

"டை", "ட்ரா" இரண்டும் ஒன்றா? கால்பந்திலும் சதுரங்கத்திலும் சமமாக முடிந்தால் "ட்ரா" என்பார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் இரண்டும் வேறு. நேரம் முடிந்தும் முடிவு கிடைக்காவிட்டால் "ட்ரா". இரு அணிகளின் மொத்த ரன்களும் சமமாகி, கடைசியில் ஆடிய அணி முழுவதும் ஆட்டமிழந்தால்தான் "டை". 1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் அப்படி முடிந்தது. அதற்கு முன் 1960-ல் பிரிஸ்பேனில் ஒரு முறை மட்டுமே டெஸ்ட் "டை" ஆகியிருந்தது. வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், சேப்பாக்கம் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டவர்கள் இருக்கலாம்.

2. எதிரில் நிற்பவர் யார்?

கேமில் சுட வேண்டிய உருவத்தை "எனிமி" என்கிறார்கள். பகைவன் என்று பொருள். பள்ளிப் போட்டியில் எதிர் அணியில் நிற்கும் மாணவன் பகைவன் அல்லன். அவன் "ஆப்போனன்ட்", அதாவது எதிராளி. கட்டுரை எழுதும்போது இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

"ரைவல்" என்பது நெடுநாளாகச் சமமாகப் போட்டியிடுபவர். இது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர் என்பது அதன் பழைய பொருள். ஒரே வாய்க்காலில் பாசனம் செய்யும் இரண்டு வயல்காரர்களை நினைத்துக்கொண்டால் சொல் மறக்காது.

"காம்பீட்" என்றால் போட்டியிடு. "காம்பெட்டிஷன்" போட்டி, "காம்பெட்டிட்டர்" போட்டியாளர். "காம்பெட்டிட்டிவ் எக்ஸாம்" என்பது போட்டித்தேர்வு. நீட் தேர்வும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வும் அந்த வகை. பரிசுக்காகப் போட்டியிட்டால் "காம்பீட் ஃபார்", ஒருவரோடு போட்டியிட்டால் "காம்பீட் வித்" அல்லது "காம்பீட் அகைன்ஸ்ட்". கலந்துகொண்டதற்கு "பார்ட்டிசிபேட்", அதன்பின் "இன்" வர வேண்டும்.

3. கேமிலிருந்து பாடப்புத்தகத்துக்கு

"எலிமினேட்" என்றால் கேமில் ஒருவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றுவது. கணக்கில் சமன்பாடுகளைத் தீர்க்கும் நீக்கல் முறைக்கு ஆங்கிலத்தில் "எலிமினேஷன் மெத்தட்" என்றே பெயர். "சர்வைவ்" என்றால் கடைசிவரை பிழைத்திருப்பது. உயிரியலில் "சர்வைவல்" என்று வருவதும் இதுதான். கீழே விழுந்த கூட்டாளியை எழுப்புவது "ரிவைவ்". நலிந்த கைத்தறித் தொழிலுக்குப் புத்துயிர் கொடுப்பதையும் செய்தித்தாளில் "ரிவைவ்" என்றே எழுதுவார்கள். "ஸ்ட்ரேட்டஜி" என்பது திட்டமிட்ட உத்தி. தேர்வுக்குப் படிக்கும் திட்டத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும்.

சில சொற்களின் ஊர் நமக்கு அருகில் இருக்கிறது. கேமில் பொருள்களைச் சேகரிப்பதைக் குறிக்கும் "லூட்", கொள்ளை என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சதுரங்கத்தின் "செக்மேட்", பாரசீகத்தின் "ஷாஹ் மாத்" என்பதிலிருந்து வந்தது. அரசருக்கு வழியில்லை என்று பொருள். மீண்டும் உயிர்பெற்று வருவதைச் சொல்லும் "ரீஸ்பான்" என்பதில் உள்ள "ஸ்பான்" மீன், தவளை போன்றவை முட்டையிடுவதைக் குறிக்கும் சொல்.

4. காசு கேட்கும் சொற்கள்

பெற்றோர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன்.

"ஃப்ரீ டு ப்ளே" என்றால் விளையாடத் தொடங்கக் காசு வேண்டாம் என்பது மட்டுமே. உள்ளே இருப்பதெல்லாம் இலவசம் என்று அர்த்தமில்லை. "இன்-ஆப் பர்ச்சேஸ்" என்றால் கேமுக்குள்ளேயே பொருள் வாங்கலாம் என்று பொருள். பிளே ஸ்டோரில் கேமின் பெயருக்கு அருகிலேயே சிறிய எழுத்தில் இது இருக்கும். பதிவிறக்கும் முன் அந்த வரியைப் பாருங்கள்.

"டாப்-அப்" என்பது உண்மைப் பணத்தைக் கொடுத்து கேமின் நாணயத்தை நிரப்பிக்கொள்வது. அங்கே ரூபாய் வைரமாகவும் காசாகவும் பெயர் மாறிவிடுவதால், எவ்வளவு செலவாயிற்று என்பது பிள்ளைக்கு உறைப்பதில்லை. "ஸ்கின்" என்பது கேம் உருவத்துக்கோ துப்பாக்கிக்கோ போடும் அலங்காரம். பெரும்பாலும் அழகுக்குத்தான், அதனால் ஆட்டத்திறன் கூடாது. "சப்ஸ்கிரைப்" என்றால் சந்தா கட்டுவது. அதன் அருகில் "ஆட்டோ ரென்யூ" என்று இருந்தால், நீங்கள் நிறுத்தும்வரை பணம் தானாகவே எடுக்கப்படும்.

"லூட் பாக்ஸ்" என்பது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே வாங்கும் பெட்டி. காசு போவது உறுதி, கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெல்ஜியம் நாட்டின் அதிகாரிகள் 2018-ல், காசு கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் தங்கள் சட்டப்படி சூதாட்டமே என்று அறிவித்தார்கள். சூதாட்டம் நமக்குத் தடுக்கப்பட்டது என்பதை அறிந்த பெற்றோர், இந்தச் சொல் திரையில் வந்தால் கண்டுகொள்ள வேண்டும்.

"ஸ்கில்" என்றால் திறமை, "சான்ஸ்" என்றால் அதிர்ஷ்டம். "இது ஸ்கில் கேம், சூதாட்டம் இல்லை" என்று விளம்பரங்கள் சொல்லி வந்தன. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் "ஈ-ஸ்போர்ட்ஸ்", "சோஷியல் கேம்", "மணி கேம்" என்று மூன்றாகப் பிரிக்கிறது. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஆடுவது "மணி கேம்". அது திறமையால் ஆடுவதானாலும் அதிர்ஷ்டத்தால் ஆடுவதானாலும் அதை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது.

அத்தா வெளிநாட்டில் இருக்க, அம்மாவின் போனில் பிள்ளை விளையாடும் வீடுகள் நம்மிடம் அதிகம். "கன்ஃபர்ம் பர்ச்சேஸ்" என்று திரையில் வந்தால் வாங்குவதை உறுதி செய் என்று பொருள். பிள்ளை "ஓ.கே. அமுக்குங்கம்மா" என்று சொன்னாலும், என்ன வாங்குகிறோம், எவ்வளவு என்று கேட்காமல் அமுக்காதீர்கள். ஓ.டி.பி. எண்ணையும் யு.பி.ஐ. பின் எண்ணையும் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் அமைத்துக்கொள்ளலாம்.

5. நாகரிகமான சொற்கள்

ஆட்டம் முடிந்ததும் "ஜி.ஜி." என்று எழுதுவது "குட் கேம்" என்பதன் சுருக்கம். தோற்றவர் ஜெயித்தவருக்கு "வெல் ப்ளேய்டு" என்பது நல்ல பழக்கம். புதிதாக ஆடுபவரை "நூப்" என்று கேலி செய்வார்கள். புதியவர் என்று பொருள்படும் "நியூபி" என்பதிலிருந்து வந்தது. நேற்றுவரை நாமும் நூப்தான் என்பதைப் பிள்ளைகள் நினைவில் வைக்க வேண்டும். முகம் தெரியாத யாராவது கெட்ட வார்த்தை பேசினால் "மியூட்" செய்யலாம், "பிளாக்" செய்யலாம், "ரிப்போர்ட்" கொடுக்கலாம். இந்த மூன்று பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்சி

அ. "வீ ____ தெம் பை த்ரீ கோல்ஸ்." (வன் / பீட்)
ஆ. "தே லாஸ்ட் ____ அவர் டீம்." (டு / வித்)
இ. "ஹீ பார்ட்டிசிபேட்டட் ____ த குவிஸ்." (இன் / ஃபார்)
ஈ. பள்ளி கேரம் போட்டியில் எதிரில் ஆடுபவர் எனிமியா, ஆப்போனன்ட்டா?
உ. "ஃப்ரீ டு ப்ளே" கேமில் செலவே வராது: சரியா, தவறா?

விடைகள்: அ. பீட். ஆ. டு. இ. இன். ஈ. ஆப்போனன்ட். உ. தவறு.

மாணவர்கள் ஒரு நோட்டில், தாங்கள் ஆடும் கேமில் காணும் புதிய ஆங்கிலச் சொற்களில் வாரம் ஐந்தை எழுதி, ஒவ்வொன்றுக்கும் கேமுக்கு வெளியே ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள். எழுதியதை அம்மாவிடமோ அத்தாவிடமோ படித்துக்காட்டி விளக்குங்கள். பெற்றோர்கள் அலுத்துக்கொள்ளாமல் கேளுங்கள். தான் ஆடும் கேமின் சொல்லை அம்மாவிடம் விளக்கிப் பழகிய பிள்ளை, நாளை அந்தக் கேம் காசு கேட்கும்போதும் முதலில் அம்மாவிடமே வந்து சொல்லும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வங்கிப் படிவங்களில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம்.