தாய் வலியைப் பொறுக்க வேண்டுமா?



இம்மாதப் பாடம் பச்சிளங்குழந்தைக்குப் பாலூட்டுவதைப் பற்றியது. போதகர் எழுதுகிற காரியமா இது என்று சிலர் கேட்கலாம். ஒருமுறை நாம் செய்த தவறே இதை எழுதத் தூண்டியது.

பல ஆண்டுகளுக்கு முன் பிரசவ வார்டில் காலை ஜெபத்திற்குச் சென்றிருந்தோம். ஆபரேஷன் மூலம் பிள்ளை பெற்று மூன்றாம் நாளான ஓர் இளம் தாய் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முலைக்காம்பு வெடித்திருந்தது, தையலும் வலித்தது. பிள்ளையோ ஓயாமல் அழுதது. "இவளுக்குப் பாலே இல்லை ஐயா" என்றார் மாமியார். பால் பவுடர் டப்பா வாங்க மகன் கடைக்குப் போயிருந்தார். நாம் அந்தப் பெண்ணிடம், "பொறுத்துக்கொள் மகளே, தாய்மை என்றால் வலி இருக்கத்தான் செய்யும்" என்று ஆறுதல் சொன்னோம்.

அருகில் நின்ற மூத்த சிஸ்டர் மெதுவாக, "ஐயா, பொறுக்கச் சொல்லாதீர்கள். வலித்தால் எங்கோ பிடி சரியில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய வேண்டும்" என்றார். நாம் திரைக்கு வெளியே வந்து நின்றோம். சற்று நேரத்தில் பிள்ளையின் அழுகை நின்றது. "இப்போது வலிக்கவில்லை சிஸ்டர்" என்ற குரல் கேட்டது. டப்பா திறக்கப்படாமலே கடைக்குத் திரும்பிப் போயிற்று.

அன்று சிஸ்டரிடம் கேட்டுக் கற்றதையும், பின்னர் வார்டில் கண்டதையும் இங்கே தருகிறோம்.

1. முதலில் தாய் வசதியாக அமரட்டும்

முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். தோள்கள் தளர்ந்திருக்க வேண்டும். கால் தொங்கினால் கீழே ஒரு மணை போடலாம். மடியில் தலையணையோ மடித்த பழைய புடவையோ வைத்துப் பிள்ளையை மார்பின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிள்ளையிடம் தாய் குனியக் கூடாது. பிள்ளையே மார்பிடம் வரவேண்டும். குனிந்தே கொடுத்தால் முதுகும் கழுத்தும் நோகும். பிள்ளையின் பிடியும் நழுவும்.

2. பிடிக்கும் விதங்கள்

மடியில் குறுக்காகக் கிடத்திக் கையணைப்பில் வைத்துக் கொடுப்பது எல்லாரும் அறிந்த முறை. ஆபரேஷன் ஆன தாய்க்கு அதில் பிள்ளையின் பாரம் தையலில் விழும். அவளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பக்கத்தில் தலையணை வைத்து, பிள்ளையின் கால்கள் தாயின் முதுகுப்புறம் போகும்படி அக்குளின் கீழ் அணைத்துக்கொள்வது. இரட்டைப் பிள்ளைகளுக்கும் இது உதவும். மற்றொன்று, ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது. படுத்துக் கொடுக்கவே கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. தாய் விழித்திருந்து, பிள்ளையும் மல்லாந்திராமல் அவளைப் பார்த்துத் திரும்பி, மூக்கு அடைபடாமல் இருந்தால் அப்படிக் கொடுக்கலாம்.

எந்த முறையானாலும் நான்கு காரியங்களைக் கவனியுங்கள். பிள்ளையின் தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா? முகம் மார்பை நோக்கியிருக்கிறதா? உடல் தாயோடு ஒட்டியிருக்கிறதா? கழுத்தை மட்டுமல்ல, முழு உடலையும் தாங்கியிருக்கிறதா?

3. வாய் பிடிக்கும் விதம்

காம்பு பிள்ளையின் மேலுதட்டைத் தொடட்டும். கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும்போது சேர்த்தணைக்க வேண்டும். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போகவேண்டும். கீழுதடு வெளியே மடங்கி, மோவாய் மார்பைத் தொட்டு, கருவட்டம் மேற்புறத்தில் அதிகமாகத் தெரிந்தால் பிடி சரி. தொடர்ந்து வலித்தால் பிள்ளையை இழுக்காதீர்கள். சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி, மறுபடியும் வைக்க வேண்டும்.

4. இரவும் பகலும்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஆபரேஷன் ஆனவர்களும், மயக்கம் தெளிந்து பிள்ளையைப் பிடிக்க முடிந்தவுடன் தொடங்கலாம். முதலில் வருகிற மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். நோயை எதிர்க்கும் சக்தி அதில் நிறைந்திருக்கிறது. முதல் நாளில் ஒரு வேளைக்குச் சிறு கரண்டியளவே பிள்ளைக்குப் போதும். பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாளில் பால் பெருகும்.

ஒரு நாளில் 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். இரவும் அதில் அடங்கும். கடிகாரத்தைவிடப் பிள்ளையைப் பாருங்கள். வாய் திறந்து தேடுவதும் கையைச் சூப்புவதும் பசியின் அடையாளங்கள். அழுகை அதற்குப் பிறகே வரும். ஒரு பக்கம் குடித்து முடித்தபின் மறுபக்கம் கொடுக்கலாம். ஐந்து நாளுக்குப் பின் தினமும் ஆறு துணியாவது நனைத்து, எடையும் ஏறினால் பால் போதுமானது என்று தைரியமாயிருக்கலாம்.

பிள்ளை குடிக்க எழும்பாமல் சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சள் நிறம் அதிகமானாலோ, தாய்க்கு மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் வரவேண்டும்.

5. வீட்டார் செய்ய வேண்டியது

சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைக்க வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் தேவையில்லை. மருத்துவர் சொன்ன மருந்து மட்டும் விலக்கு. பால் பவுடர் விளம்பரங்களை நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் அதை வாங்காதீர்கள். பிள்ளை டப்பாப் பாலைக் குடிக்கக் குடிக்க, மார்பில் சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் பாலும் குறையும்.

"பால் இல்லை" என்ற சொல்லைத் தாயின் காதில் போடாதீர்கள். அவள் அமர்ந்ததும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள். கணவர் தலையணையைச் சரிசெய்து, குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யலாம். சபையார் பிள்ளை பார்க்கப் போகும்போது சீக்கிரம் எழுந்து வருவதும் ஓர் உதவிதான்.

இப்போதும் பிரசவ வார்டில் தாய்மாருக்காக ஜெபிக்கிறோம். ஆனால் ஒரு தாய் வலியில் முகம் சுளித்தால், ஆறுதல் சொல்லும் முன் சிஸ்டரை அழைக்கிறோம். நீங்கள் போகும் வீட்டிலும் ஒரு தாய் அப்படி வலியோடு இருந்தால், "பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அருகில் ஒரு செவிலியரோ அனுபவமுள்ள தாயோ இருக்கிறார்களா என்று விசாரித்து அழைத்து வாருங்கள்.