பாத்திக்கு ஒரு பேர்

பதுளை.

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. உங்கள் லயத்துக்குக் கீழே சும்மா கிடக்கும் காணியில் இருபது பாத்தி, நடுவில் பாதை, ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. கோடெல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு "இயலாதவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் சின்னம்மா ஞாபகம் வந்துவிட்டது.

நீ பிறக்கும் முன்பே அவர் போய்விட்டார். முப்பது வருடம் மலையேறிக் கொழுந்து எடுத்து முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர். கடைசிக் காலத்தில் சொன்ன கிலோ எடுக்க முடியாமல், பெரும்பாலும் அரைப்பேரோடுதான் வீட்டுக்கு வருவார். பாதிச் சம்பளத்துக்கு அப்படி ஒரு பெயர். சின்னம்மாவின் பேரில் எந்தப் பாதியை எழுதுவார்கள் என்று சின்ன வயதில் நான் யோசித்ததுண்டு. வேலையிலிருந்து நின்ற பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டு, "போஞ்சிக்குக் கம்பு நட்டீங்களா, கொச்சிக்காய்க்குத் தண்ணி ஊத்தினீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மரக்கறித் தோட்டம் முப்பத்தொரு படி கீழே. நாங்கள் பறித்துக் கொண்டுபோய் மடியில் போடுவோம். அதைப் பாசம் என்றுதான் நினைத்தோம். அவரைக் கீழே கொண்டுபோக ஒரு வழி பார்க்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால் முதலில் அந்தக் கட்டத்தை அழித்துவிடு. தேயிலை ஸ்டோரில் கை போனவர், கண் தெரியாத பாட்டி, பேச்சு வராத அந்தப் பையன், எல்லோருக்கும் மற்றவர்களுக்குள்ள அதே அளவில், மற்றவர்களுடைய பாத்திகளுக்கு நடுவிலேயே ஒவ்வொரு முழுப் பாத்தி. என்ன நடுவது, எப்போது பறிப்பது என்பது அவர்கள் இஷ்டம். பையன் பாத்தி முழுக்கப் பூச்செடிதான் வைப்பேன் என்று காட்டினால், வைக்கட்டும். உதவிக்கு ஆள் வேண்டுமானால் அவர்கள் கூப்பிடுவார்கள்.

இந்தப் பங்குத் தோட்ட யோசனை இங்கிலாந்தில் பழையது. கேட்பவர்களுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் நிலத்துண்டு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அங்கே ஒரு துண்டின் வழக்கமான அளவு 10 ராட், சுமார் 250 சதுர மீட்டர். ராட் என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய பேர்ச்தான். தங்கள் ஊர்த் தொழிலாளி கிழங்கு போட 10 பேர்ச் வேண்டும் என்று தெரிந்தவர்கள், நமக்கு 10க்கு 12 அடியில் ஒரு காம்பரா கட்டினார்கள். வீடு கட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற பேச்சு வருவதற்கே எத்தனை தலைமுறை காத்திருந்தோம்! 2022இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டார்கள். தோட்டச் செக்ரோலில் பேர் உள்ள தொழிலாளர்களுக்கு அப்படி யாரும் விடவில்லை.

சரி, இடத்துக்கு வருகிறேன். நீ பார்த்து வைத்திருக்கும் காணியை விட்டுவிடு. சக்கர நாற்காலி போகும் சாய்தளத்துக்கு 1 அடி இறங்க 12 அடி நீளம் வேண்டும். லயத்திலிருந்து அந்தக் காணி 20 அடியாவது கீழே இருக்கும். அப்படியானால் 240 அடிக்குச் சாய்தளம். யார் கட்டுவது? 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களின் வாசலைப் பற்றிப் பேசுகின்றன. லயத்துப் படிக்கட்டு அவற்றின் கண்ணில் படவில்லை. ஆனால் கொழுந்து லொறி போகும் ரோட்டைப் பார். லொறி திணறாமல் ஏறட்டும் என்று மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக வெட்டியது. அந்த ரோட்டோரம், லயத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஒரு துண்டு கிடைக்குமா என்று தேடு.

அப்படிக் கிடைத்தால் சரிவே உனக்குக் கூலியில்லாமல் வேலை செய்யும். சமவெளி நாடுகளில், உட்கார்ந்தபடி மண்ணைத் தொட மரப்பெட்டி செய்து உயர்த்துகிறார்கள். உனக்குப் பெட்டி எதற்கு? பாதையின் மேல்பக்கத்தில் இரண்டு, இரண்டரை அடிக்குக் கல்லுக்கட்டு. அதன்மேல் பாத்தி. முக்காலியில் இருப்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் மண் மடிக்கு நேராக வந்துவிடும். கல்லுக்கட்டுக்குக் கல் அடுக்கத் தெரிந்த கிழவர்கள் உங்கள் லயத்திலேயே இருப்பார்கள், போய்க் கேள். பாத்தியின் அகலம் 2 அடிக்கு மேல் வேண்டாம், கை எட்டாது. பாதை 4 அடி, நாற்காலி திரும்பும் இடத்தில் 5 அடி. கண் தெரியாதவர்களுக்கு இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, பாத்திக்குப் பாத்தி முடிச்சுப் போடு. தலைப்பில் ஒன்றுக்குப் புதினா, ஒன்றுக்குக் கற்பூரவல்லி, ஒன்றுக்கு ரம்பை நட்டால் மூக்கே வழி சொல்லும்.

கட்டுவதைவிடக் காப்பாற்றுவது கஷ்டம். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலைக் கிட்டப் போய்ப் பார்க்க மரப்பாதை போட்டு 2022 நவம்பரில் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்ய வேண்டியதாயிற்று. நமக்குப் புயல் எதற்கு, ஐப்பசி மழை போதும். கொஸ்லந்தை மீரியபெத்தையை மறந்துவிடாதே. 2014 அக்டோபர் 29, தீபாவளி முடிந்து ஒரு வாரம். காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருப்பதாக முன்பே எச்சரிக்கை இருந்தது. ஆகவே உன் கல்லுக்கட்டு மூன்றடியைத் தாண்டக் கூடாது. மேலே தண்ணீர்த் தொட்டி வைக்காதே. மழைக்கு முன் கான் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பதுளையில் ஆட்கள் உண்டு. மண்வெட்டியை எடுக்கும் முன்பு அவர்களைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டு.

இன்னொன்று, காணி. 1992க்குப் பிறகு பெரும்பாலான தோட்டங்களை நடத்துவது கம்பனிகள். துரை வாயால் "செய்யுங்கள்" என்று சொன்னால் சந்தோஷப்படாதே. துரை மாறுவார். எத்தனை வருடம், எந்த எல்லை என்று எழுத்தில் வாங்கு. வாங்கும்போது கை போனவர், பாட்டி, பையன் மூன்று பேரையும் அழைத்துப் போ, தங்களுக்கு வேண்டியதை அவர்களே தெரிவிக்கட்டும்.

பாத்திப் பலகைகளைப் பெயின்ட் அடித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். பேரை முழுசாக எழுது.

ஞாயிற்றுக்கிழமை பசறை பஸ்ஸில் வருகிறேன். வெலிமடையிலிருந்து வாங்கிய போஞ்சி விதை கையில் இருக்கிறது. எனக்கும் ஒரு பாத்தி வேண்டும். இடது முழங்கால் இப்போது சின்னம்மாவின் முழங்கால் மாதிரிதான் ஆகிவிட்டது, அதனால் கல்லுக்கட்டு சரியான உயரமா என்று என்னை உட்கார வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா