கர்ப்பிணியின் உதிரப்போக்கு: சட்டமும் சிகிச்சையும்

கர்ப்பம் தரித்து நான்கைந்து மாதங்களான பெண்ணுக்குத் திடீரென உதிரம் காணுமானால், வீட்டில் முதலில் எழும் கேள்வி “இவள் தொழலாமா, கூடாதா?” என்பதாகவே இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆலிம்சாவிடம் ஆள் அனுப்பிவிட்டு, விடை வரும்வரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லாமல் இருப்பது ஆபத்து.

சட்டத்தை முதலில் பார்ப்போம். ஹனபீ மத்ஹபில் கர்ப்பிணி காணும் உதிரம் ஹைளு ஆகாது. அது இஸ்திஹாளா எனும் நோய் உதிரம். அவள் சுத்தம் செய்து, துணி வைத்து, ஒவ்வொரு வக்துக்கும் வுளூச் செய்து தொழ வேண்டும். ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்படியோ, 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 15 நாட்களுக்கு மிகாமலும் வந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், கர்ப்பிணியின் உதிரமும் ஹைளாகவே கொள்ளப்படும். உதிரம் கண்டதும் அவள் தொழுகையை விட்டுவிடுவாள். 24 மணி நேரம் நிறையாமல் நின்றுவிட்டால் விட்டவற்றை களாச் செய்வாள்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் கீழக்கரை, காயல்பட்டினத்தார் ஒரு வீட்டிலும் வேலூர், ஆம்பூர்க்காரர்கள் அடுத்த வீட்டிலுமாக வாழ்கிறார்கள். அண்டை வீட்டுப் பெண்ணுக்குச் சொன்ன சட்டம் தனக்கு மாறி வருவதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை. அவரவர் மத்ஹபின்படி நடந்தால் போதும்.

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. “ஹைளுதானே, சிலருக்கு இப்படி வரும்” என்று மூதாட்டிகள் ஆறுதல் சொல்லிவிடுகிறார்கள். சட்டம் ஹைளு என்று பெயரிடுவது தொழுகை, நோன்புக்காக. வைத்திய முறையில் கர்ப்பிணிக்கு மாதவிடாய் வருவதில்லை. எனவே எந்த உதிரத்துக்கும் காரணம் தேடியே ஆக வேண்டும். பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் உதிரம் நிற்பதில்லை என முறையிட்டபோது, அது ஒரு நரம்பிலிருந்து வருவது, ஹைளல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் காரணத்தைப் பிரித்துக் காட்டியது புகாரி, முஸ்லிமில் இருக்கிறது.

காரணங்கள் பல. நஞ்சு கர்ப்பப்பையின் வாயை மூடிக் கீழே படிந்திருந்தால், வலியே இல்லாமல் சிவந்த உதிரம் வரும். வலியில்லை என்று நம்பி இருந்துவிடுவது இங்குதான் பெருந்தவறு. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே இருப்பதாகச் சொன்னாலும் பலருக்குப் பின்னர் மேலே ஏறிவிடும். அதற்காகக் கலங்க வேண்டாம், உதிரம் வந்தால் தாமதிக்கவும் வேண்டாம். நஞ்சு முன்னதாகவே பெயர்ந்தால் வயிறு கல்போல் இறுகி வலிக்கும். உதிரம் உள்ளேயே தேங்குவதால் வெளியே சிறிதளவே தெரியக்கூடும். அதற்குள் குழந்தைக்குப் பிராணவாயு குறைந்து, தாயும் மயங்கிவிடுவாள். கர்ப்பப்பை வாய் பலவீனம், கிருமித் தொற்று, குறைமாதப் பிரசவத்தின் தொடக்கம் ஆகியவையும் உண்டு.

வீட்டில் எவரும் கைவிட்டுப் பார்க்கலாகாது. நஞ்சு கீழே இருந்தால் அது உதிரத்தைப் பெருக்கிவிடும். இடப்பக்கமாகப் படுக்க வைத்து 108-க்குச் சொல்லுங்கள். இரவில் அறுவையும் இரத்தமும் கிடைக்கும் இடமாகப் பார்த்துப் போக வேண்டும்: அருகிலுள்ள அரசு மருத்துவமனையோ, பெரிய சிகிச்சைக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியோ எழும்பூரோ. நனைந்த துணிகளையும் கர்ப்பகால அட்டையையும் உடன் கொண்டு போங்கள்.

பர்தாவைக் காரணம் காட்டித் தயங்குவோருக்கு ஒரு செய்தி. கோஷாப் பெண்களுக்கென்றே மேரி ஷார்லீப் அம்மையார் முயற்சியால் சென்னையில் 1885-இல் மருத்துவமனை தோன்றியது; திருவல்லிக்கேணி கஸ்தூரிபா மருத்துவமனை அதுவே. இன்று பெண் டாக்டர்கள் நிறைய இருக்கிறார்கள். அவ்வேளையில் இல்லையென்றால், உயிர்காக்கும் அவசியத்துக்கு ஆண் டாக்டர் பார்க்க ஷரீஅத் இடமளிக்கிறது.

எழக்கூடாதென டாக்டர் சொன்னால், தொழுகை கடமையாயிருப்பவள் உட்கார்ந்தோ, படுத்தபடியோ சைகையால் தொழலாம். ரமளானில் தனக்கோ சிசுவுக்கோ ஆபத்தென அஞ்சினால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யலாம். சிசுவுக்காக மட்டும் விட்டவள் ஷாபிஈ மத்ஹபில் பித்யாவும் கொடுக்க வேண்டும்.

தாயின் இரத்தப் பிரிவு நெகடிவ்வா என்பதைக் கணவர் அறிந்து வைத்திருக்க வேண்டும். நெகடிவ்வானால், உதிரம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவையா என டாக்டரிடம் கேளுங்கள். அது அடுத்த குழந்தையையும் காக்கும்.